ஒன்பதாம் எண்ணின் கட்டம்

செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குச் சுற்றுப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஹோல்கர் க்ராக். பயணிகள் படகில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் தபால்தலைச் சங்கத்தின் செயலாளர். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தேன். கையைக் கழுவி நன்றாக உலர்த்தினேன். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக இந்த வரிசை மாறியதில்லை. பெட்டிக்குள் ஏழு சிறு புத்தகங்கள் இருந்தன. மூன்றாவது புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில், மூன்றாம் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் தபால்தலை இல்லை. ஊதா மையில் ஒன்பது என்ற எண் மட்டும் இருந்தது.

ஒன்பது என் தகப்பனாரின் எண். அவர் இறந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் புரியாது என்பதால் சொல்கிறேன். உறுப்பினர்கள் தங்களிடம் கூடுதலாக உள்ள தபால்தலைகளைச் சிறு புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒட்டிக் கொடுப்பார்கள். அந்தப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வீடு வீடாகச் சுற்றும். வேண்டியதை அவரவர் தம் வீட்டில், தம் மேசையில், யாரும் பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த கட்டத்தில் தம் எண் உள்ள ரப்பர் முத்திரையைக் குத்திவிட வேண்டும். எண் விழுந்துவிட்டால் அந்தத் தலை அவருடையது, அதற்குமேல் பேச்சில்லை. பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது. எண் இல்லாமல் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அது திருட்டு. நல்ல தலை போய், அதன் இடத்தில் அதைப் போலவே ஒரு மட்டமான தலை உட்கார்ந்திருந்தால், அது திருட்டையும் விடக் கேவலம். அதற்கு எங்கள் தீவில் மன்னிப்பு இல்லை.

அந்தக் கேவலத்தைத்தான் 1947-இல் என் தகப்பனார் மேல் சுமத்தினார்கள்.

அவர் ஐனார் விண்டிங், இந்தத் தீவின் போஸ்ட்மாஸ்டர். அவருடைய தகப்பனாரும் போஸ்ட்மாஸ்டர். கான்சல் என்ற தூதர் பட்டம் பெற்ற கப்பல் முதலாளி ப்ரூன் அந்த ஆண்டு சுற்றுக்கு விட்ட புத்தகத்தில் சாம்பலும் சிவப்புமான, பழைய நாணயத்தில் நாலு ஸ்கில்லிங் விலையுள்ள ஒரு தலை இருந்தது. அதன் ஓரத்தைச் சுற்றியுள்ள சட்டம் தலைகீழாக அச்சாகியிருந்தது; அப்படிப்பட்ட தலை மிக அரிது. மூலையில் உள்ள பூவேலைப்பாட்டில் ஒரு முடி அகல வேற்றுமைதான். லென்ஸ் இல்லாமல் தெரியாது. பெட்டி கான்சல் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனது. அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது சட்டம் நேராக இருந்தது. ஐந்தாம் பக்கம், மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம்.

சங்கம் கூடி விசாரித்தது. அப்பா எழுந்து நின்று ஒரே வாக்கியம் சொன்னார். "என் எண் இல்லாத கட்டத்தில் என் கை பட்டதில்லை." சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தவறு கான்சல் வீட்டிலேயே நடந்திருக்கலாம் என்று பாதிப் பேர் நம்பினார்கள், மீதிப் பேர் நம்பவில்லை. அடுத்த பிப்ரவரியில் அப்பா நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். இறப்பதற்கு முந்தின நாள், மார்புப் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன ஆல்பத்தைத் தம்மோடு வைத்து அடக்கம் செய்யச் சொன்னார். திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் திறக்கவில்லை. கறுப்புக் கோட்டின் உள்பையில் என் கையாலேயே வைத்தேன். ஒரு மனிதருக்குத் தம் பொழுதுபோக்கின் மேல் இவ்வளவு ஆசையா என்று எண்ணி அழுதேன்.

அதன்பின் ஒன்பதாம் எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. 1950-இல் நான் சங்கத்தில் சேர விண்ணப்பம் போட்டேன். பெண்கள் அதுவரை இல்லை. மறுக்க விதியும் இல்லை. இருபத்து மூன்றாம் எண் கொடுத்தார்கள். எதற்காகச் சேர்ந்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மாதமும் அந்த அறையில் ஒரு விண்டிங் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கான்சலின் அந்தப் புத்தகத்தைச் சாட்சியமாக அலமாரியில் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. பார்த்தால் சந்தேகத்துக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முதலில் பார்த்தது என் மேசை இழுப்பறையைத்தான். அப்பாவின் ரப்பர் முத்திரை அதில்தான் அவருடைய கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. பிறகு ஹோல்கருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"ஹோல்கர், மூணாவது புத்தகத்துல அஞ்சாம் பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தேனே அக்கா. அந்த ஸ்வீடன் தலைதானே? நல்லாத்தான இருந்துது. ஏன், ஓரத்துப் பல்லு கில்லு போயிடுச்சா?"

"தலையே போயிடுச்சு. வந்து பாருங்க."

வந்து பார்த்தவர் நாற்காலியில் உட்காரக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரி எல்லினோரும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்தப் பாத்தோம். அவகூட, அந்த மஞ்சள் கலரு நம்ம திரைச்சீலை மாதிரி இருக்குன்னா. காலைல கட்டினேன், கொண்டாந்தேன். ரெண்டு தெரு அக்கா, ரெண்டே தெரு! வழியில உங்க பக்கத்து வீட்டு நாய்கிட்ட மட்டுந்தான் பேசினேன்."

"நாய்க்கு எண் கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு மெல்லிய காகித உறையை எடுத்தார். அதற்குள் அந்த ஸ்வீடன் தலை பத்திரமாக இருந்தது. எதுவும் திருடுபோகவில்லை. யாரோ தலையை எடுத்து, எண்ணைக் குத்திவிட்டு, தலையைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அக்கா, அந்த முத்திரை இப்போ..."

"பூட்டி இருக்கு."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்காதீங்க ஹோல்கர். கேக்கறதா இருந்தா நேரா கேளுங்க."

அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். அன்று மாலையே பெட்டியைச் சுற்றில் அடுத்ததாக உள்ள வீட்டுக்கு, ப்ரேபென் ப்ரூனிடம், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கான்சலின் மகன், இப்போதைய சங்கத் தலைவர். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். உள்ளே எண் இருப்பதை நான் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் தெரியப்போகிறது.

அக்டோபர் சுற்றில் நாங்கள் முன்னெச்சரிக்கையாக இருந்தோம். நான் ஹோல்கர் வீட்டுக்கே போனேன். அவர், எல்லினோர், நான் மூவரும் பட்டப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தையும் பார்த்தோம். எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. பெட்டியைக் கயிற்றால் கட்டினோம். ஹோல்கர் முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றினார், தம் மோதிரத்தை அதில் அழுத்தினார்.

எல்லினோர் சொன்னாள்: "பெட்டிய நான் தூக்கிட்டு வரட்டுமா அக்கா? நீங்க தொட்டீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது."

"யாரும் எதுவும் சொல்லட்டும். விண்டிங் வீட்டுக்கு வர்ற பெட்டிய விண்டிங்தான் தூக்கணும்."

பெட்டியோடு நான் முன்னால் நடந்தேன். அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். மீன் கடை, வங்கி, தேவாலயத்தின் சுவர், பிறகு என் வீடு. காற்று பலமாக இருந்தது. தேவாலயச் சுவரைத் தாண்டும்போது பெட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. புத்தகம் சரியும் சத்தம் அல்ல அது. கனமான ஒரு பொருள் காகிதத்தின் மேல் ஒரே ஒருமுறை அழுந்தும் சத்தம். தபால் அலுவலகத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தத்தைக் காதுக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் எல்லினோரின் நடை நின்றுபோனது கேட்டது.

வீட்டில் அரக்கை உடைத்தோம். மோதிர அடையாளம் சிதையாமல் இருந்தது. இரண்டாவது புத்தகம், ஐந்தாம் பக்கம், மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம். ஒன்பது. எல்லினோர் விரல் நுனியால் தொட்டாள். விரல் ஊதாவானது.

அவர்கள் போன பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தேன். கைக்குட்டையைப் பிரித்தேன். நாற்பத்தாறு ஆண்டுகளாக முத்திரையின் எழுத்துக்குள் இறுகிக் கிடந்த பழைய மைக்கசடு இப்போது இல்லை. ரப்பர் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அப்பா ஒவ்வொரு தடவை முத்திரை குத்திய பிறகும் கைக்குட்டையின் ஒரு மூலையால் ரப்பரைத் துடைப்பார். அம்மா சலவைக்குப் போடும்போது திட்டுவாள். நான் துடைப்பதில்லை. எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. கைக்குட்டையின் மூலையைத் தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுற்றி, உள்ளே வைத்து, பூட்டினேன்.

இது ஏன் இப்போது என்று அன்று யோசித்தேன். ஆகஸ்டில் தேவாலய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அப்பாவின் கல்லறை இடத்துக்குக் கட்டிய வாடகைத் தவணை முடிகிறது, நீட்டிக்க விருப்பமா என்று. பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. எனக்குப் பிறகு நீட்டிக்க ஆளில்லை. கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். விண்டிங் குடும்பத்தில் நான்தான் கடைசி.

மூன்றாம் நாள் ப்ரேபென் ப்ரூன் வந்தார். பெட்டி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கதவைத் தட்டிவிட்டுப் படியிலேயே ஆரம்பித்தார்.

"என்ன அஸ்டா, அப்பாவுக்கு மறுபடியும் வேலை குடுத்திருக்கியா?"

"ஷூவக் கழட்டிட்டு உள்ள வா. தரை நேத்துதான் துடைச்சது."

கழற்றினார். அவருடைய காலுறையில் கட்டைவிரல் இடத்தில் ஓட்டை இருந்தது. மனைவி இறந்தபின் அவரைக் கவனிக்க யாரும் இல்லை. நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

"ரெண்டு தடவ," என்றார். "அதே பக்கம், அதே கட்டம். எங்க அப்பா புத்தகத்துல எந்த இடமோ அச்சு அசலா அதே இடம். என்னைப் பாத்தா உனக்குக் கேலியா இருக்கா?"

"நாப்பத்தேழு வருஷமா உன்கிட்ட நான் சொன்னது 'வணக்கம்' மட்டுந்தான் ப்ரேபென். கேலி பண்ற அளவுக்கு நமக்குள்ள நெருக்கம் இல்ல."

"அப்போ யாரு? ஒன்பதாம் நம்பர் முத்திரை இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். அது உன்கிட்ட. சாவியும் உன்கிட்ட."

"அரக்கு வெச்சுக் கட்டினோம். ஹோல்கரக் கேளு."

"ஹோல்கர் நீ சொன்னா கடல் இனிக்குதும்பான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இத பார், நான் சண்டைக்கு வரல. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம். அந்த முத்திரையக் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் ஒப்படைச்சுடு. நான்தான் பண்ணேன், வயசான காலத்துல புத்தி தடுமாறிடுச்சுன்னு சொல்லு. அதோட விட்டுர்றேன். இல்லேன்னா மினிட் புத்தகத்துல எழுத வேண்டியிருக்கும். விண்டிங் குடும்பத்தார் ரெண்டாம் தடவையாச் சுற்றுப் புத்தகத்துல கை வெச்சாங்கன்னு. அந்தப் புத்தகம் நீயும் நானும் போன பின்னாலயும் இருக்கும்."

"ரெண்டாம் தடவைன்னு எழுதணும்னா முதல் தடவை நிரூபணம் ஆகியிருக்கணும்."

"உன் முதுகு வளையாது. அது ஸ்கூல்லயே தெரியும்." ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க அப்பா சொன்னாரே, என் எண் இல்லாத கட்டத்துல என் கை இல்லைன்னு. இப்போ எண் வந்துட்டே இருக்கு. அத யோசிச்சுப் பாரு."

அவர் அதைக் குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கறுப்பு உடையும் அம்மாவின் வெள்ளி ஊசியும் அணிந்து போனேன். கைக்குட்டையில் சுற்றி முடிச்சிட்ட முத்திரை என் கைப்பையில் இருந்தது. தேவாலயத்தின் கூட்ட அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லினோர் மூலையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள். மூன்று மணி வெயில் மேசை மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. நான் மூட்டையை மேசை நடுவில் வைத்தேன். ஆனால் பிரிக்கவில்லை.

"முத்திரை இதோ. இதை நான் எடுத்ததில்ல, குத்தினதில்ல. அவ்வளவுதான்."

ப்ரேபென் அலமாரியைத் திறந்து கான்சலின் புத்தகத்தைக் கொண்டுவந்து என் எதிரில் ஐந்தாம் பக்கத்தை விரித்தார்.

"நீ இதுவரைக்கும் இதப் பாத்ததே இல்ல. ஒரு தடவ பாரு அஸ்டா. பாத்துட்டு அப்புறம் சொல்லு."

பார்க்காமல் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுந்திருந்தால் எல்லாம் முன்போலவே இருந்திருக்கும். ஆனால் என் கண் ஏற்கனவே அந்தக் கட்டத்தில் இருந்தது. சாம்பலும் சிவப்புமான நாலு ஸ்கில்லிங், நேரான சட்டம். நாற்பத்தேழு ஆண்டுகளாக எத்தனையோ பேர் லென்ஸ் வைத்துப் பார்த்த தலை. எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்த்தார்கள். சாட்சியம் என்பதால் தூக்கிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

"பின்பக்கம் பாக்கணும்," என்றேன்.

"எதுக்கு?"

"பாக்கச் சொன்னது நீ. முழுசாப் பாக்கறேன்."

ப்ரேபென் தோளைக் குலுக்கினார். நான் இடுக்கியால் தலையின் அடிப்பல்லைப் பிடித்து மேலே தூக்கினேன்.

தலையைப் பக்கத்தோடு பிடித்துவைக்க, பின்னால் மடித்து ஒட்டும் ஒரு சின்னத் தாள் உண்டு. எல்லோரும் அதைக் கடையில் வாங்குவார்கள். அப்பாவும் சுற்றுக்கு விடும் புத்தகங்களுக்குக் கடைத் தாளைத்தான் பயன்படுத்தினார். ஆனால் வீட்டு ஆல்பங்களுக்கு அவரே செய்வார். தபால்தலைகள் அச்சாகி வரும் பெரிய தாள்களின் ஓரத்தில் அச்சில்லாமல் மிஞ்சும் பசை தடவிய வெள்ளை விளிம்பை வெட்டி, மடித்து, இடது கீழ்மூலையைச் சாய்வாக நறுக்குவார். சாய்வு இருந்தால் இடுக்கி சுலபமாக நுழையும். அது வெளியே போகாத தாள். எங்கள் வீட்டு ஆல்பங்களை வெளியார் யாரும் புரட்டியதில்லை. நான் இன்றுவரை அப்படித்தான் நறுக்குகிறேன்.

தலையின் பின்னால் வெள்ளை விளிம்புத் தாள் இருந்தது. இடது கீழ்மூலை சாய்வாக நறுக்கப்பட்டிருந்தது.

அப்பா தம் ஆல்பத்திலிருந்த நேரான தலையை அப்படியே தாளோடு எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார். அவசரத்தில் தாளை மாற்ற மறந்திருக்கிறார். தலைகீழ்ச் சட்டம் எங்கே போயிற்று என்பதும் அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது இருந்த சின்ன ஆல்பத்தை அவருடைய கோட்டின் உள்பையில் வைத்தவள் நான்.

அறையில் இருந்த பதினொரு பேரில் ஒருவருக்கும் அந்தச் சாய்வு மூலையின் பொருள் தெரியாது. இடுக்கியைத் தாழ்த்தினால் தலை மறுபடி படிந்துவிடும். எழுந்து, "பார்த்தாயிற்று" என்று சொல்லி, நிமிர்ந்தபடி வெளியே போகலாம். எனக்குப் பிறகு இதை அறியக்கூடியவர் உலகத்தில் யாரும் இல்லை. அன்று நான் எவ்வளவு நேரம் இடுக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"என்ன அக்கா?" என்று ஹோல்கர் மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ணைக் காலிக் கட்டத்தில்தான் குத்த முடியும். இந்தக் கட்டம் காலியாகவே இல்லை. அப்பாவே அடைத்துவைத்த கட்டம். நாற்பத்தேழு ஆண்டுகளாக இதில் அவரால் எண் வைக்க முடியவில்லை. கல்லுக்குத் தவணை முடிகிற வருஷம் அவர் ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து, அதே பக்கம், அதே வரிசை, அதே கட்டம் என்று, இந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதைக் காலி செய்ய ஒரு கை வேண்டும். சாய்வு மூலையை அடையாளம் தெரிந்த கை.

நான் தலையைப் பக்கத்திலிருந்து பெயர்த்து எடுத்தேன். ப்ரேபென் பதறி எழுந்தார்.

"ஏய், என்ன பண்ற? அது சாட்சியம்!"

"உட்காரு ப்ரேபென். இது எங்க வீட்டுத் தலை." அதைக் கவிழ்த்து வெயிலில் வைத்தேன். "இந்தத் தாள் எங்க அப்பா வெட்டினது. வேற யாரும் இப்படி வெட்ட மாட்டாங்க. நம்பலேன்னா என் ஆல்பத்தக் கொண்டுவர்றேன், நாலாயிரம் இருக்கு, எண்ணிப் பாருங்க. மாத்தினது அவர்தான். உங்க அப்பா சொன்னது சரி. நான் சொல்லிட்டு வந்தது தப்பு."

ப்ரேபெனின் முகத்தில் வெற்றியை எதிர்பார்த்தேன். அது இல்லை. கிழவர் போலத் தெரிந்தார், அவ்வளவுதான். நான் புத்தகத்தை மூடி, அதன் மேல் என் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். இடது கை மடியில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி சொல்கிறேன்: மூட்டை மேசை நடுவில் கட்டியபடி இருந்தது, இங்க் பேட் அலமாரியில் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் எல்லினோர் காபியை ஊற்ற ஆரம்பித்தாள். ஒருவர் சர்க்கரையைத் தள்ளினார். ஒருவர் மூக்கைச் சிந்தினார். என் கோப்பை என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, என் உள்ளங்கைக்குக் கீழே புத்தகம் ஒரே ஒருமுறை அழுந்தியது. கையை நான் அழுத்தவில்லை. மேலிருந்து அல்ல, அட்டைக்கு உள்ளிருந்து வந்த அழுத்தம். காபியின் மேல் ஒரு வளையம் விரிந்து அடங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"கையை எடு அஸ்டா," என்றார் ப்ரேபென்.

எடுத்தேன். அவரே புத்தகத்தைத் திறந்தார். ஐந்தாம் பக்கம், மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம். ஊதா மை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்சமும் சாயாமல், கட்டத்தின் நடு நடுவில், போஸ்ட்மாஸ்டர் குத்துகிற மாதிரி நேராக.

"யாரு வெச்சது?" என்று யாரோ கேட்டார்கள்.

"யார் எண்ணோ அவர்தான்," என்றேன். "ஹோல்கர், மினிட் புத்தகத்த எடுங்க. எழுதுங்க. ஒன்பதாம் எண். ஐனார் விண்டிங். 1947 சுற்றில் நாலு ஸ்கில்லிங் தலையை எடுத்தார். பேரைச் சுருக்காம எழுதுங்க."

ஹோல்கர் எழுதினார். அவருடைய பேனா இரண்டு தடவை நின்றது. எழுதி முடித்ததும் நான் எழுந்து நின்றேன்.

"அந்தத் தலை அவரோட கோட்டுப் பையில, மண்ணுக்குள்ள இருக்கு. தோண்டி எடுக்கணும்னு நீ கேட்டா நான் கையெழுத்துப் போடறேன், ப்ரேபென். உரிமை உனக்கு இருக்கு."

அவர் அந்தக் கட்டத்தின் மேல் குனிந்து பார்த்தார். அவருக்கும் முதுகு உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"எண் விழுந்தாச்சு," என்றார். "எண் விழுந்தா எடுத்தவருக்குச் சொந்தம். விதிய மாத்த நான் யாரு?" பிறகு, வழக்கமான குரலில், "காபி ஆறுது, உட்காந்து குடி" என்றார்.

உட்கார்ந்து குடித்தேன். முழுக் கோப்பையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் நின்று மூட்டையைப் பிரித்தேன். நான் கட்டிய முடிச்சு நான் கட்டியபடியே இருந்தது. ரப்பர் சுத்தமாக இருந்தது. இந்தத் தடவை கைக்குட்டையின் நான்கு மூலைகளையும் விரித்துப் பார்த்தேன். மூன்று மூலைகள் பழுப்பேறிக் கிடந்தன. நான்காவது மூலையில், இன்னும் உலராமல், பக்கத்தில் பக்கத்தில் மூன்று ஊதாக் கறைகள் இருந்தன.

அதைச் சலவைக்குப் போடவில்லை. மடித்து உள்ளே வைத்தேன். மேசை இழுப்பறையை அதன்பின் நான் பூட்டுவதில்லை.